முள் பாதியில் நின்றது, வண்டி பாலத்தில் நின்றது! இதெல்லாம் தெரியுமா?

நவி மும்பையின் கோபர்கைரனேயிலிருந்து மும்பை மாட்டுங்காவுக்கு ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு வாஷி பாலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏறிவிட்டால் நடுவில் திரும்ப வழி கிடையாது. கீழே தானே கழிமுகம், தோளை உரசுவது போல் போகும் டெம்போக்கள், தலைக்கு மேல் வெயில். 2024 ஜனவரியில் அடல் சேது என்று 21.8 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுப் பாலம் திறந்தார்களே, அதில் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதியே இல்லை, தெரியுமா? ஸ்கூட்டர்க்காரர்களுக்கு இன்றைக்கும் வாஷி பாலமும் ஐரோலி பாலமும்தான் வழி. அந்த வாஷி பாலத்தின் நட்டநடுவில் என் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். கச்சிதமாகப் பாதியில் நிற்கிறது!

பாதி டேங்க் இருக்கிறது, அப்படியானால் இஞ்சினில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கிக்கரை உதைத்து உதைத்து முழங்கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, வண்டியைக் குலுக்கினேன். 'களக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. டேங்க் காய்ந்து கிடந்தது. மான்குர்ட் பக்கம் வரை தள்ளிக்கொண்டு போனேன். அந்தப் பாதி விரல் நீள முள்ளைப் பற்றி அன்று ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் முடித்தபாடில்லை. அத்தனை அதிசயம் அதற்குள் இருக்கிறது!

மறுநாள் மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் சொன்னது, "காட்டா கராப் ஹை, அண்ணா." அதாவது, முள் கெட்டுவிட்டது. மராத்தியில் காட்டா, இந்தியில் காண்டா. இரண்டுக்கும் முதல் பொருள் செடியில் இருக்கும் முள். கடிகாரத்தின் முள்ளுக்கும், மீட்டரின் முள்ளுக்கும் அதே சொல். தமிழிலும் அப்படியேதானே! கருவேலங்காட்டில் காலில் குத்துவதும் முள், மணி காட்டுவதும் முள். வாஷி மொத்த விற்பனைச் சந்தைக்குச் சரக்கோடு வரும் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடைக்கு இங்கே 'வஜன் காட்டா' என்று பெயர். வடக்கே போனால் அதையே 'தர்ம காண்டா' என்று போர்டு எழுதி வைத்திருப்பார்கள். தர்மம் தவறாத முள்! அளவு காட்டும் முள் பொய் சொல்லக் கூடாது என்பதை எவ்வளவு அழகாகப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள், பாருங்கள்.

சரி, பெட்ரோல் முள் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மெக்கானிக்குகள் 'ஃப்ளோட்' என்பார்கள். அது ஒரு மெல்லிய கம்பிக் கையின் நுனியில் தொங்குகிறது. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கையின் மறுமுனையில் ஒரு சின்ன உலோக நாக்கு. அது ஒரு மின்தடைப் பட்டையின் மேல் தடவிக்கொண்டே நகரும். எந்த இடத்தில் தடவுகிறதோ அதற்கேற்ற மின்சாரம் மீட்டருக்குப் போகும், முள் அசையும். கிணற்றுத் தண்ணீரில் கட்டை மிதக்கிற சங்கதிதான். அதை மின்சாரம் ஹேண்டில் பார் வரைக்கும் கொண்டுவந்து காட்டுகிறது.

என் வண்டியின் ஃப்ளோட்டை மெக்கானிக் வெளியே எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பிக் கை சுழல வேண்டிய மூட்டில் செங்கல் நிறத்தில் துரு. விரலால் தள்ளினால்கூட நகரவில்லை. தடவுகிற பட்டையில், நாக்கு ஓடி ஓடி, பென்சிலால் கோடு கிழித்தது போல ஒரு பள்ளம். பாதி டேங்க் அளவில் கை இறுகிவிட்டிருக்கிறது. கீழே பெட்ரோல் வற்றிப் போன பிறகும் மிதவை அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது! முந்தைய சொந்தக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்க வண்டியை எடுக்காமல் கட்டிடத்துக்குக் கீழேயே விட்டு வைத்திருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். இப்போது பங்கில் நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. நவி மும்பை மழைக்காலத்தின் ஈரக்காற்றில் மாதக்கணக்கில் பாதி காலியாக நிற்கும் டேங்க் உள்ளே எப்படி ஆகும் என்பதை அந்தத் துரு காட்டியது.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும், எனக்கும் வந்தது. பெட்ரோலுக்குள்ளேயே மின்சாரக் கம்பியா? தீப்பிடிக்காதா? பிடிக்காது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் அது எரியும். மூடிய டேங்குக்குள் ஆவி அதைவிட மிக அதிகமாக நிறைந்திருக்கும், எரியப் போதிய காற்று இருக்காது. அதோடு அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரமும் மிகச் சிறியது. ஆபத்தெல்லாம் மூடியைத் திறந்த பிறகு வாய்ப்பக்கத்தில்தான். அங்கே ஆவியும் காற்றும் சரிவிகிதமாகச் சேர்ந்துவிடும். ஆகவே இருட்டில் டேங்குக்குள் எட்டிப் பார்க்கத் தீக்குச்சி, லைட்டர் எதையும் கொண்டுபோகாதீர்கள். வேண்டவே வேண்டாம்!

இன்னொன்று கேளுங்கள். ஐஸ் கட்டியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். பெட்ரோலில் போட்டால் மூழ்கிவிடும், தெரியுமா? பெட்ரோல் அவ்வளவு லேசான திரவம். லிட்டருக்கு முக்கால் கிலோ அளவுதான் எடை. அதனால் மிதவை அதையும்விட லேசாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் உள்ளே வெறும் காற்று விட்டு, பித்தளையில் ஈயம் வைத்து ஒட்டிய மிதவைகள் இருந்தன. ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் உள்ளே புகுந்து மிதவை மூழ்கிவிடும். டேங்க் நிறைந்திருக்கும், முள் மட்டும் காலி என்று காட்டிக்கொண்டே இருக்கும். என் வண்டிக்கு நேர் எதிரான நோய். ஆனால் அது நல்ல நோய் என்பேன். காலி என்று சொல்லிப் பயமுறுத்தும் முள் யாரையும் பாலத்தில் நிறுத்துவதில்லை.

எந்தக் கோளாறும் இல்லாத முள்ளும் முழு உண்மையைச் சொல்வதில்லை. டேங்க் நிரப்பிய பிறகு முள் வெகு தூரத்துக்கு 'எஃப்'பிலேயே நிற்கும், பாதிக்குக் கீழே வந்ததும் மளமளவென்று விழும். கவனித்திருப்பீர்கள். மிதவை டேங்கின் கூரையில் முட்டி நிற்பதால் மேலே உள்ள கொஞ்சம் பெட்ரோல் அதன் கணக்கில் வருவதில்லை. டேங்கும் செங்கல் மாதிரி நேரான பெட்டி இல்லை. சீட்டுக்குக் கீழே, சக்கரத்துக்கும் சேஸுக்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்து கிடக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நிற்கும்போது பெட்ரோலும் ஒரு பக்கம் ஒதுங்கும், முள் தப்பாகக் காட்டும். செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள் சென்டர் ஸ்டாண்ட் போட்டுவிட்டுத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும்.

பள்ளம் மேட்டில் பெட்ரோல் அலம்பும்போது முள் ஏன் கூத்தாடுவதில்லை? முள்ளின் அச்சில் தேன் போலக் கெட்டியான எண்ணெய் வைத்து அதன் அசைவை மெதுவாக்கி வைத்திருப்பார்கள், அல்லது மின்சாரத்தில் சூடாகி மெல்ல வளையும் உலோகப் பட்டையால் முள்ளை நகர்த்துவார்கள். இந்த அலம்பல் நிலாவுக்கே போயிருக்கிறது, தெரியுமா? 1969 ஜூலை 20. அப்போலோ 11 நிலாவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. எரிபொருள் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இன்னும் 60 விநாடி, 30 விநாடி என்று பூமியிலிருந்து எண்ணிச் சொல்கிறார்கள். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த நிமிஷத்தில், உண்மையில் தொட்டிக்குள் எரிபொருள் அலம்பியதால் அந்த விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்! பிற்காலப் பயணங்களில் அலம்பலைக் குறைக்கத் தொட்டிக்குள் தடுப்புகள் வைத்தார்கள்.

வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது? காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்களால். அதே கறுப்புதான் 2004 மே மாதம் அமெரிக்காவில் ஏராளமான கார்களின் பெட்ரோல் முள்ளைக் கெடுத்தது. லூசியானாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த பெட்ரோலில் கந்தகம் கூடிப் போயிருந்தது. டேங்குக்குள் தடவி நகரும் அந்தச் சின்ன நாக்கில் வெள்ளி பூசியிருந்தார்கள். கொலுசு போலவே அது கறுத்து, மின்சாரம் போகாமல் போயிற்று. ஃப்ளோரிடா வரைக்கும் பல பங்குகளில் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

முள்ளே இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்? 1972இல் வந்த பஜாஜ் சேத்தக் வைத்திருந்த வீடுகளைக் கேளுங்கள். டேங்குக்குள் உயரமாக ஒரு குழாய், தாழ்வாக ஒரு குழாய். உயரக் குழாயின் வாய்க்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் வண்டி திணறும். "ரிசர்வ் விழுந்துடுச்சு" என்று குனிந்து லீவரைத் திருப்பினால் தாழ்ந்த குழாய் திறக்கும். அடுத்த பங்க் வரை நிம்மதி. கம்பி இல்லை, பேட்டரி இல்லை, பொய்யும் இல்லை. அதுவும் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, மூலையில் கிடந்த கடைசிச் சொட்டையும் இறங்க வைத்து ஓட்டுவார்கள். அப்பா வண்டியைச் சாய்க்க, நாம் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையோடு நின்ற காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஏற்பாட்டை விட்டது நஷ்டம்தான் என்பது என் அபிப்பிராயம்.

அதற்கும் முந்திப் போனால் குச்சி! ஃபோர்டு மாடல் டி காரில் முள் கிடையாது. முன் சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் மரக்குச்சியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கே 1962 மாடலில்தான் முள் வந்தது.

குச்சி என்றதும் ஒரு விமானக் கதை சொல்லாமல் இருக்க முடியாது. 1983 ஜூலை 23, ஏர் கனடா 143, போயிங் 767. எரிபொருள் மீட்டர்கள் வேலை செய்யவில்லை. இறக்கையின் அடியில் செருகியிருக்கும் அளவுகோல்களை இழுத்துப் பார்த்து, தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று சரியாகத்தான் அளந்தார்கள். தப்பு கணக்கில். கனடா அப்போது பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். லிட்டருக்கு 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 பவுண்டு என்ற பழைய எண்ணைப் போட்டுவிட்டார்கள். 22,300 கிலோ தேவை, ஏறியதோ 22,300 பவுண்டு. பாதிக்கும் குறைவு! 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர ஆரம்பித்து, இரண்டு இஞ்சினும் அடுத்தடுத்து நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் பொழுதுபோக்காக கிளைடர் ஓட்டிப் பழகியவர். அத்தனை பெரிய விமானத்தை கிளைடர் மாதிரியே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கார் ரேஸுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த பழைய விமானப்படை ஓடுதளத்தில் இறக்கினார். 61 பயணிகள், 8 ஊழியர்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

இன்னொரு விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மெக்கானிக்கிடம் நான் ஒரு தப்பான கேள்வி கேட்டேன். குர்லா சி.எஸ்.டி. ரோட்டுப் பழைய பாகக் கடைகளில் வேறு மாடலின் ஃப்ளோட் சல்லிசாகக் கிடைத்தால் இதில் மாட்டலாமா என்றேன். "மாட்டலாம், முள்ளும் ஆடும். ஆனால் அது இந்த வண்டியின் கணக்கைச் சொல்லாது" என்றார். எத்தனை சரியான பேச்சு! அமெரிக்க வகை ஃப்ளோட் ஒன்று காலியில் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய வகை ஒன்று காலியில் 10, நிறைந்தால் 180. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டினால் பொழுது விடிவதும் அடைவதும் தலைகீழாகும். 2005 ஆகஸ்ட் 6 அன்று இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பாவுக்குப் புறப்பட்ட துனின்டர் விமானம் ஏ.டி.ஆர். 72 ரகம். அதில் முந்தின நாள் மாட்டிய எரிபொருள் மீட்டரோ ஏ.டி.ஆர். 42 ரகத்துக்கானது. பார்க்க ஒரே மாதிரி, பொருத்தவும் ஒரே மாதிரி. தொட்டி ஏறக்குறைய காலி, மீட்டரில் தாராளமாக இருப்பதாகக் காட்டியது. விமானம் சிசிலிக்கு அருகே கடலில் இறங்கியது. 39 பேரில் 16 பேர் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகு சல்லிசான ஃப்ளோட் ஆசையே எனக்கு விட்டுப்போயிற்று. என் மாடலுக்கு உரிய புது ஃப்ளோட்டையே வாங்கினேன். ஏறக்குறைய ஒரு முறை டேங்க் நிரப்பும் செலவுதான் ஆனது.

சொட்டுச் சொட்டாக எண்ணி வண்டி ஓட்டியவர்கள் என்றால் யாழ்ப்பாணத்து மக்கள்தான். 1990களின் முதல் பாதியில், போர்க்காலத் தடையால் பெட்ரோல் வராமல் போனபோது, மோட்டார் சைக்கிளையும் காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், தெரியுமா? குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். பிறகு 2022இல் இலங்கை முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. கியூ.ஆர். கோட் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். ஒரு துளியின் அருமை அவர்களுக்குத் தெரிந்த மாதிரி நமக்குத் தெரியாது.

இனி, உங்கள் வண்டி முள் சண்டித்தனம் செய்தால் என்ன செய்வது? முதலில் மற்ற விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். அவையும் மங்கினால் கோளாறு பேட்டரி பக்கம். அவை சரி என்றால் டேங்க் மேலே வரும் ஒயரின் கப்ளரைக் கழற்றிப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பச்சை பிடித்த பின்னைச் சுத்தம் செய்ததிலேயே எத்தனையோ முள்கள் உயிர் பெற்றிருக்கின்றன. கப்ளர் கழன்ற நிலையில் முள் ஒரு கோடிக்குப் போகும். மீட்டர் பக்கத்து இரண்டு ஒயர்களையும் இரண்டு மூன்று விநாடி இணைத்தால் மறு கோடிக்கு ஓடும். அதற்கு மேல் இணைத்து வைத்தால் மீட்டர் கெடும். முள் அப்படி ஓடினால் மீட்டர் நல்லது, குற்றவாளி ஃப்ளோட். ஓடவில்லை என்றால் மீட்டரோ ஒயரோ. இதை முள் மீட்டர் வைத்த பழைய வண்டியில், மெக்கானிக் கையால், டேங்க் மூடியை இறுக்கி மூடிவிட்டுத்தான் செய்ய வேண்டும். டிஜிட்டல் கட்டம் காட்டும் மீட்டரில் கை வைக்க வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி இருக்கும். பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. அடிக்கடி வற்ற விட்டால் பம்பும் கெடும், செலவு பல மடங்காகும்.

புது ஃப்ளோட் வரும் வரை ஒரு வாரம் நான் எப்படி ஓட்டினேன்? தென்னை விளக்குமாற்றிலிருந்து தடித்த ஈர்க்குச்சி ஒன்றை எடுத்தேன். சீட்டைத் தூக்கினால் டேங்க் வாய் நேராகக் கீழே இறங்கும் வண்டி என்பதால் குச்சி அடி வரைக்கும் போயிற்று. பங்கில் ஒரு லிட்டர் போட்டதும் ஓரமாக ஒதுங்கி, குச்சியை விட்டெடுத்து, நனைந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல். அடுத்த லிட்டருக்கு இன்னொரு கீறல். பெட்ரோல் சட்டென்று ஆவியாகிவிடும், ஈரம் மறைவதற்குள் கீற வேண்டும்! ஒடிந்து உள்ளே விழாமல் இருக்க மேல்முனையில் நூல் கட்டியிருந்தேன். இப்போது முள் சரியாக இருக்கிறது. குச்சி இன்னும் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

பங்கில் ஊற்றும் லிட்டர் குறைந்தால் குச்சியின் கீறலும் பொய்யாகிவிடும். அளவு சந்தேகமாக இருந்தால், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளர் எல்லோருக்கும் இருக்கிறது. எடையளவுத் துறையின் முத்திரை குத்திய பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். மும்பையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது 2021 மே மாதத்தில். அவ்வளவு விலை கொடுக்கிறோம், கூச்சப்படாமல் கேளுங்கள்.

குச்சி போகாத டேங்க் என்றால் கிலோமீட்டர் கணக்கு இருக்கவே இருக்கிறது. அதுவும் நேற்றைய யோசனை இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே விட்ருவியஸ் என்ற ரோமானியர் ஒரு வண்டியை விவரித்திருக்கிறார். சக்கரம் 400 சுற்றுச் சுற்றி ஒரு மைல் ஆனதும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பெட்டிக்குள் 'ணங்' என்று விழும். இறங்கியதும் கல்லை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்! நமக்குக் கல்கூட வேண்டாம். அடுத்த முறை டேங்கை நிரப்பும்போது ஒடோமீட்டர் எண்ணை பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து, ஓடிய தூரத்தை அதால் வகுங்கள். அந்த எண் கைவசம் இல்லாமல், புதிதாக வாங்கிய பழைய வண்டியை வாஷி பாலத்தில் ஏற்றாதீர்கள்.